திருநெல்வேலியில் எடுத்த ஈசிஜி

சித்தி மகள் கல்யாணத்துக்காக மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் லண்டன் திரும்பினேன். எனக்கு 28 வயது. ஒரு வருஷமாகவே ராத்திரி இடது பக்கம் சாய்ந்து படுத்தால் எப்போதாவது நெஞ்சில் ஒரு துடிப்பு விட்டுப்போய், அடுத்தது 'திம்' என்று விழும். இங்கே ஜி.பி.யிடம், அதாவது குடும்ப டாக்டரிடம் சொல்லி, ஈசிஜிக்குத் தேதி வராமல் காத்திருந்தேன். ஊரில் அம்மா காதில் போட்டதுதான் தாமதம், மறுநாள் காலையிலேயே வண்ணார்பேட்டையில் ஒரு லேபுக்கு இழுத்துப் போய்விட்டாள்.

பத்து நிமிஷத்தில் தாள் கையில் இருந்தது, 300 ரூபாய். இந்த வேகம் லண்டனில் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் தாளின் தலைப்பில் மெஷினே 'அப்நார்மல் ஈசிஜி' என்று அச்சடித்து, கீழே 'சைனஸ் அரித்மியா, இன்கம்ப்ளீட் ரைட் பண்டில் பிராஞ்ச் பிளாக்' என்றும் போட்டிருந்தது. லேபில் இருந்த தம்பி "டாக்டரப் பாத்துருங்கக்கா" என்றதோடு சரி. 'பிளாக்' என்ற சொல்லைப் பார்த்ததும் அம்மாவுக்கு முகமே இருண்டுவிட்டது, ரத்தக்குழாய் அடைப்பு என்றே நினைத்துவிட்டாள். அன்றிலிருந்து கல்யாண வீட்டில் என்னை ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க விடவில்லை.

இரண்டு நாள் கழித்து இருதய டாக்டரிடம் டோக்கன் கிடைத்தது. அவர் தாளைப் பார்ப்பதற்கு முன்னாலேயே மூன்று கேள்வி கேட்டார்: மயங்கி விழுந்திருக்கிறீர்களா, ஓடும்போதோ மாடி ஏறும்போதோ படபடப்பு வருகிறதா, குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா. ஒன்றுக்கு 'ஆமாம்' என்றிருந்தாலும் தாள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் விடமாட்டேன் என்றார். அப்புறம்தான் விளக்கினார். மூச்சை இழுக்கும்போது துடிப்பு வேகமாவதும் விடும்போது குறைவதும்தான் என் சைனஸ் அரித்மியா, இளவயதில் இயல்பு. இந்த 'பிளாக்' இதயத்துக்குள் மின்சாரம் போகும் பாதையைப் பற்றியது, ரத்தக்குழாய் அடைப்பு அல்ல; இந்த அரைகுறை வகை நல்ல ஆரோக்கியமானவர்களுக்கும் இருக்குமாம்.

"ஏம்மா, இந்தக் கப்பை எங்க வச்சு எடுத்தாங்க?" என்று நெஞ்சில் வைக்கிற ரப்பர் பல்பைப் பற்றிக் கேட்டார். காறை எலும்புக்குக் கொஞ்சம் கீழே என்று காட்டினேன். உடனே நர்சைக் கூப்பிட்டு மறுபடி எடுக்கச் சொன்னார். அந்த அக்கா நெஞ்செலும்பின் ஓரமாக விரல் வைத்து விலா இடைவெளிகளை ஒவ்வொன்றாக எண்ணி, நான்காவதில் ஜெல் தடவி, முதல் இரண்டு ரப்பர் பல்பையும் வைத்தார். முதல் தாளில் வி1-இல், அதாவது முதல் பல்பின் கோட்டில், மெஷின் 'பிளாக்' என்று எடுத்துக்கொண்ட இரண்டாவது சின்ன முனையைப் புதுத் தாளில் காணோம்! பல்பை மேலே தள்ளி வைத்தாலே அப்படி ஒரு முனை வருமாம். இதற்காகவா இரண்டு ராத்திரி அம்மா தூங்காமல் கிடந்தாள் என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

எக்கோ என்கிற இதய ஸ்கேனும் தைராய்டும் சரியாக இருந்தன. துடிப்பைத் தொடர்ந்து பதியும் ஹோல்டர் மெஷினை 24 மணி நேரம் சுடிதாருக்குள் மாட்டிக்கொண்டு, துடிப்பு தவறின நேரத்தையெல்லாம் எழுதி வைத்தேன். கிட்டத்தட்ட ஒரு லட்சம் துடிப்பில் 140 எக்டோபிக், அதாவது முறைக்கு முன்னாலேயே விழுந்த துடிப்பு. பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ஆனால் ஹீமோகுளோபின் 9.6 தான், ரத்தசோகையும் படபடப்பைக் கூட்டும் என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஊருக்குப் போய் ஈசிஜி எடுப்பவர்கள் தாளை அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். அது பில் அடிக்கிற மாதிரித் தாள், என்னுடைய முதல் தாள் வெயில் பட்டு இப்போதே வெளிறிவிட்டது. இங்கே ஜி.பி.யிடம் போனில் இருந்த இரண்டு படத்தையும் காட்டினேன். அவரும் முதலில் அதே மூன்று கேள்வியைத்தான் கேட்டார்.