பார்க்க வைக்கும் படமா, வர வைக்கும் படமா?

கிளிநொச்சிப் பக்கம் ஒரு கிராமத்து மாதர் சங்கம் இந்த ஒக்டோபருக்கு மார்பகப் புற்றுநோய் பற்றிச் சுவரொட்டி அடிக்கிறது. வாசகம் எழுதும் பொறுப்பு என்னுடையது. அச்சுச் செலவை ஏற்றவர் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்த் தம்பி ஒருவர். படமும் தானே செய்து தருவதாகச் சொல்லி இரண்டு மாதிரி அனுப்பினார். முதலாவதில் ஈரச் சட்டையோடு ஓர் இளம் பெண். கழுத்துக்கு மேலே படம் வெட்டப்பட்டிருந்தது, கீழே இரட்டை அர்த்தத்தில் ஒரு வரி. இரண்டாவதில் நோய் முற்றிப் புண்ணாகிப்போன மார்பு, பெரிதாக. மூன்றாவது யோசனையைச் சங்கத்துப் பெண்களே பொதுநோக்கு மண்டபத்தில் இருந்து பேசிச் சொன்னார்கள்: எங்கள் ஊரில் நோய் வந்து சுகப்பட்ட ஒருவரின் முகம்.

முதலாவதைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் தம்பி சொன்ன நியாயத்தைத் தட்டிவிட முடியாது. "ஆரும் திரும்பிப் பார்க்காத நோட்டீஸ் அடிச்சு என்ன பிரயோசனம் அக்கா?" என்று கேட்டார். ஏ9 வீதியோரத்து மதில்களைப் பாருங்கள். டியூசன் விளம்பரம், மரண அறிவித்தல், தேர்தல் முகங்கள் என்று ஒன்றின் மேல் ஒன்று. அதற்குள் ஒரு சுகாதாரச் சுவரொட்டி எவர் கண்ணிலும் படாது.

பெரிய இயக்கங்களே இந்த வழியில் போயிருக்கின்றன. விலங்குரிமைக்காக 1980இல் அமெரிக்காவில் தொடங்கிய பீட்டா, 'ரோம ஆடை உடுப்பதைவிட நிர்வாணமாக இருப்பேன்' என்று நடிகைகளையும் மொடல்களையும் ஆடையில்லாமல் நிறுத்தி ஏறத்தாழ 30 வருடம் பிரசாரம் செய்தது. 2020இல்தான் அதை நிறுத்தியது. பெரிய ஆடை நிறுவனங்கள் பல ரோமத்தைக் கைவிட்டது உண்மை. ஆனால் பண்ணைகளுக்குள் மறைவாக எடுத்த வீடியோக்களும் சட்டங்களும் கூடவே வேலை செய்தன.

2010இல் நடிகை பமெலா அண்டர்சனின் உடலில், இறைச்சிக் கடையில் மாட்டுக்குக் குறிப்பதுபோலக் கோடு கீறி, விலா, தொடை, நெஞ்சு என்று எழுதி ஒரு விளம்பரம் செய்தார்கள். எல்லா உயிருக்கும் ஒரே உறுப்புகள்தான் என்பது செய்தி. மொன்றியல் நகர நிர்வாகம் அதன் வெளியீட்டுக்கு அனுமதி மறுத்தது. அவர் விரும்பித்தான் நின்றார், அதில் வற்புறுத்தல் இல்லை. எனக்கு இடிப்பது வேறு. உயிரை இறைச்சியாகப் பார்க்காதே என்று சொல்ல வந்தவர்கள், ஒரு பெண்ணை இறைச்சியாகப் பார்க்கப் பழக்கிவிட்டுத்தான் அதைச் சொல்கிறார்கள்.

2013இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மூவர் இதே பீட்டா விளம்பரங்களை வைத்துச் சோதித்தார்கள். கவர்ச்சிப் படம் பார்த்த ஆண்களுக்குக் கிளர்ச்சி கூடியது, இயக்கத்துக்கு உதவும் எண்ணமோ குறைந்தது. படத்தில் இருந்த பெண்களை அவர்கள் முழு மனிதராக மதிக்காமல் போனதே காரணம் என்று கண்டார்கள். தம்பிக்கு இதைத்தான் முதலில் எழுதினேன். திரும்பிப் பார்ப்பார்கள், சரி. பார்த்தவர் மனைவியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்கு வருவாரா?

மார்பகப் புற்றுநோய்க்கே இப்படி ஒரு பிரசாரம் நடந்திருக்கிறது. மார்பைக் குறிக்கும் கொச்சைச் சொல்லைப் போட்டு, 'எனக்கு அது பிடிக்கும்' என்று எழுதிய கைப்பட்டிகளை அமெரிக்காவில் ஓர் அமைப்பு விற்றது. 2010இல் பென்சில்வேனியாவில் அதை அணிந்த இரண்டு மாணவிகளைப் பள்ளிக்கூடம் இடைநிறுத்தியது. 2013இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மாணவிகளின் பக்கம் நின்றது. தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன், பிள்ளைகள் கூச்சமில்லாமல் நோயைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் சத்திரசிகிச்சையில் மார்பை இழந்த ஒருவர் அந்தப் பட்டியை வாசித்தால்? பிடித்தமானது போய்விட்டது, மிஞ்சியது தான் மட்டும் என்றல்லவா அவருக்குப் படும்?

எங்கள் ஊரில் இது இன்னும் ஆழமாகக் குத்தும். கட்டி தட்டுப்பட்டும் மாதக்கணக்கில் மறைத்து வைத்திருந்த பெண்களை எனக்குத் தெரியும். ஒருவர், வீடு தேடி வரும் மருத்துவிச்சியான குடும்பநல உத்தியோகத்தரிடம்கூடச் சொல்லவில்லை. "அந்த இடத்தைப் பற்றி எப்பிடி வாய் திறக்கிறது?" என்றார். மார்பு என்றால் ஆணின் கண்ணுக்கான இடம், ஆகவே மறைக்க வேண்டிய இடம் என்ற நினைப்புத்தான் அவர் வாயைக் கட்டியது. ஈரச் சட்டைப் படம் அதே நினைப்பைச் சந்தியில் பெரிதாக ஒட்டி வைக்கிறது.

இரண்டாவது மாதிரியில் கவர்ச்சி இல்லை, பயம் இருக்கிறது. சிகரெட் பெட்டியில் புண்ணுப் படம் போடவில்லையா என்று தம்பி கேட்டார். போடுகிறார்கள்தான், இலங்கையில் பெட்டியின் 80 வீதப் பரப்பு அந்தப் படம். அது புகைப்பவரை நிறுத்தச் சொல்கிறது. கட்டியை மறைப்பவர் ஏற்கெனவே பயந்துதான் மறைக்கிறார், அவரை இன்னும் பயப்படுத்தி என்ன காண?

அதோடு, உடம்பைக் காட்டி நியாயம் கேட்பது என்னவென்று வன்னி அறியும். 2009இல் கொல்லப்பட்ட எங்கள் பெண்களின் உடல்கள், உடுப்புக் கலைந்து கிடந்தபடி, கைபேசிப் படங்களாக உலகம் முழுக்கப் போயின. 2011இல் பிரிட்டனின் சனல் 4 தொலைக்காட்சி ஒளிபரப்பிய ஆவணப்படத்திலும் அப்படிக் காட்சிகள் வந்தன. விசாரணைக்குச் சாட்சியமாக அவை போகத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் அதே படங்களை எங்கள் ஆட்களே பதாகையில் அச்சடித்தார்கள், மே மாதம் வந்தால் முகநூலில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். நல்ல நோக்கம்தான். பெற்றவர்களிடம் கேட்டுத்தானா போட்டார்கள்? அந்தப் பிள்ளைகளை ஒருமுறை அவமானப்படுத்திய அதே கோணத்தில்தான் நாங்களும் அவர்களைக் காட்டினோம். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

நிர்வாணம் என்றாலே கூடாது என்று நான் சொல்லவில்லை. மணிப்பூரில் அசாம் ரைபிள்ஸ் படை பிடித்துச் சென்ற தங்ஜம் மனோரமா சடலமாகக் கிடந்ததைக் கண்டித்து, 2004 யூலை 15 அன்று 12 தாய்மார் அந்தப் படை முகாமிட்டிருந்த இம்பாலின் காங்லா கோட்டை வாசலில் உடையைக் களைந்து நின்றார்கள். அந்த வருடம் நவம்பரில் படை கோட்டையை விட்டு வெளியேறியது. தங்கள் உடம்பு, தங்கள் முடிவு, பார்க்கிறவன் தலைகுனிய வேண்டும் என்ற வைராக்கியம். கழுத்தோடு வெட்டிய படத்தில் நிற்கும் பெண்ணுக்கு இவற்றில் ஒன்றுமே இல்லை.

மூன்றாவது வழிக்கு, முகத்தைக் காட்டுவதற்கு, வருகிறேன். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தில் அமர்ந்தார்கள். சில நாளில் வவுனியா, மார்ச்சில் முல்லைத்தீவு. கையில் பிள்ளையின் படம், வேறொன்றும் இல்லை. மெதுவான வழி அது. பதில் கிடைக்காமலே பல அம்மாக்கள் கண்ணை மூடிவிட்டார்கள், ஆகவே முகம் காட்டினால் வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு இது யாருடைய பிள்ளை, இப்போது எங்கே என்ற கேள்விதான் வரும். கண் வேறெங்கும் அலையாது.

கண்ணைக் கவர உடம்புதான் வேண்டும் என்பதுமில்லை. 2011இல் நாட்டின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வன்னியைக் கடந்து வடமுனையான பருத்தித்துறை வரை நடந்தே நிதி சேர்த்தார்கள், தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக. வழியெல்லாம் சனம் கூடி நின்று பார்த்தது.

எங்கள் சுவரொட்டிக்கு நிற்க ஒத்துக்கொண்ட அக்காவுக்கு 58 வயது. அதே தெல்லிப்பழையில் சத்திரசிகிச்சை செய்து நாலு வருடம். யோசிக்க இரண்டு நாள் கேட்டார், மகளிடமும் கேட்டார். அப்புறம் வந்து, "எடுங்கோ, ஆனா வீட்டு முத்தத்தில, என்ர நீலச் சேலையோட" என்றார். தான் சொல்லும் நாளில் ஒட்டிய சுவரொட்டிகள் எல்லாவற்றையும் அகற்றிவிட வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை, அதைக் கூட்டக் குறிப்பில் எழுதி வைத்தோம். வாசகத்தையும் அவரே சொன்னார்: 'எனக்குக் கட்டி வந்தது. நேரத்தோட காட்டினன். நீங்களும் வாங்கோ.' கீழே, பெண்களுக்கு நோய் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கும் சுகவனிதையர் கிளினிக் நடக்கும் நாள், 35 வயது தாண்டியவர்கள் வருவது நல்லது, காசில்லை என்ற விபரம்.

படத்தைத் தம்பிக்கு அனுப்பினேன். இரவு பதில் வந்தது: "முகத்தில வெளிச்சம் கொஞ்சம் கூட்டித் தாறன் அக்கா." 200 பிரதி அடிக்கிறோம். கூட்டுறவுக் கடை, தையல் வகுப்பு, ஆஸ்பத்திரி பஸ் தரிப்பிடம் என்று இடமும் பார்த்தாகிவிட்டது.