டிஸ்னி கிளப்பா, ராயல் கரீபியன் கிளப்பா?

டிஸ்னி, ராயல் கரீபியன் என்ற இரண்டு சுற்றுலாக் கப்பல் நிறுவனங்களும் கப்பலிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சிறுவர் கிளப் வைத்திருக்கின்றன. எந்தக் கப்பலின் கிளப்பில் பிள்ளைகளை விடுவது என்ற குழப்பம் எனக்கும் இருந்தது. இரண்டிலுமே சேர, பிள்ளைக்கு 3 வயது ஆகி, டயப்பரை விட்டிருக்க வேண்டும்.

செலவு: பகலில் இரண்டும் இலவசம். ராயல் கரீபியனில் இரவு 10 மணிக்கு மேல் மணிக்கணக்கில் கட்டணம், டிஸ்னியில் அது இல்லை. ஆனால் டிஸ்னி டிக்கெட்டே பொதுவாக விலை கூடுதல்.

சேர்ந்து விளையாட: டிஸ்னியின் ஓஷனியர் கிளப்பில் சின்னதும் பெரியதும் ஒன்றாக விளையாடலாம், வாசலில் இருக்கும் இயந்திரத்துக்குள் அண்ணனும் தங்கையும் கையை நீட்டிக் கழுவிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். ராயலின் அட்வென்ச்சர் ஓஷனில் வயதுவாரியாகப் பிரிப்பார்கள்.

அண்ணனை விட்டுப் பிரியாத வாண்டு இருந்தால் டிஸ்னிதான். சம வயதுக் கூட்டாளி தேடும் 9 வயதுக்காரனுக்கு ராயல் சரி, கப்பலில் பாறை ஏறும் சுவரும் உண்டு.