பொரிப்பவர் யார் என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு மட்டும் போகாதீர்கள். பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே 'ஃபிஷ் அண்ட் சிப்ஸ்' கடையில் மீன் சாப்பிட்டவன் முதலில் சொல்ல வேண்டியது அதுதான். வெள்ளிக்கிழமை இறைச்சியை விட்டு மீன் உண்ணும் பழைய கிறிஸ்தவ வழக்கம், தேவாலயப் பக்கமே தலைகாட்டாதவர்களிடமும் இங்கிலாந்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வரிசை கதவைத் தாண்டி நடைபாதைக்கு வந்துவிடும். உள்ளே இருக்கும் ஒன்பது மேசைகளில் ஒன்றும் காலியிராது. சிப்ஸ், அதாவது தடிமனாக வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கு, வெந்ததும் வேகாததுமாகத் தட்டுக்கு வரும். செவ்வாய் அல்லது புதன், மாலை ஆறரை மணிக்குப் போய்ப் பாருங்கள். கடையே வேறு மாதிரி இருக்கும்.

வடமேற்கு லண்டனில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. பெயரைச் சொல்லப்போவதில்லை. குறைகளையும் எழுதப்போகிறேன், நாளை மறுநாள் அங்கேயே சாப்பிடவும் போகிறேன். சைப்ரஸிலிருந்து வந்த கிரேக்கக் குடும்பம் நடத்துகிறது. அப்பா பொரிப்பார். அம்மா கல்லாவுக்கும் மேசைகளுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பார். மகன் உருளைக்கிழங்கு வெட்டுவதில் தொடங்கி இப்போது பொரிக்கும் இடத்துக்கு வந்துவிட்டான். மகள் சனிக்கிழமைகளில் மட்டும் வந்து எல்லோரையும் அதட்டிவிட்டுப் போவாள்.

இந்த நாட்டின் தேசிய உணவைச் சைப்ரஸ்காரர் பொரிக்க, தூத்துக்குடிக்காரன் சாப்பிடுவது எனக்கு முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் மீனைப் பொரித்து உண்ணும் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தவர்களே ஸ்பெயின், போர்ச்சுகல் வழி வந்த யூதர்கள் என்கிறார்கள். மீனையும் சிப்ஸையும் சேர்த்து விற்ற முதல் கடை எது என்பதில் இன்றும் வழக்கு ஓயவில்லை. லண்டனின் கிழக்குப் பகுதியில் 1860 வாக்கில் ஜோசப் மாலின் என்ற யூதர் திறந்ததுதான் முதல் கடை என்பது லண்டன்காரர்கள் கட்சி. லங்காஷயரின் மாஸ்லியில் 1863இல் ஜான் லீஸ் தொடங்கியதுதான் என்பது வடக்கத்தியர் கட்சி. எங்கள் கடைக்காரரிடம் கேட்டால் தோளைக் குலுக்கிவிட்டு, "மீனைக் கண்டுபிடித்தது யார் என்று யாராவது கேட்கிறார்களா?" என்பார்.

2013இல் முதன்முறை அங்கே உட்கார்ந்தபோது எனக்குப் பெரிய ஏமாற்றம். மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் தடவி ஊறவைக்காத மீனை மீன் என்று ஒப்புக்கொள்ளாத வீட்டில் வளர்ந்தவன் நான். தட்டின் இரு விளிம்பையும் தாண்டி நீண்டுகிடந்த காட் மீனைப் பார்த்ததும், இத்தனை பெரிய பஜ்ஜியா என்றுதான் தோன்றியது. வாயில் வைத்தால் சப்பென்று இருந்தது. அதைப் பஜ்ஜியாக நினைத்துச் சாப்பிட்டதுதான் நான் செய்த தவறு. பஜ்ஜியில் மாவுக்கே ருசி உண்டு, காரமும் பெருங்காயமும் அதில்தான் இருக்கின்றன. இங்கே மாவு இட்லிக் கொப்பரை மாதிரி வெறும் பாத்திரம்தான். எண்ணெயில் விழுந்ததும் மேலோடு இறுகிக்கொள்ள, உள்ளே மீன் தன் ஈரத்திலேயே ஆவியில் வேகிறது. முள்கரண்டியால் மேலோட்டை உடைத்தால் குபுக்கென்று நீராவி வர வேண்டும். உள்ளே சதை வெண்ணிற இதழ்களாகப் பிரிய வேண்டும். ஆவி வரவில்லை என்றால் அந்த மீன் பொரித்துக் கண்ணாடிப் பெட்டியில் காத்திருந்தது என்று அர்த்தம். திருப்பி அனுப்பிவிடலாம், கடைக்கார அம்மா கோபித்துக்கொள்ள மாட்டார்.

பெரியவர் மீனை எண்ணெயில் விடுவதைப் பார்க்கவே கல்லாவை ஒட்டிய மேசையில் உட்காருவேன். வாலைப் பிடித்து, சில்லென்றிருக்கும் மாவுக் கரைசலில் தோய்த்து, வாளியின் விளிம்பில் ஒரு பக்கத்தை மட்டும் வழித்துவிடுவார். உடனே போட்டுவிட மாட்டார். தலைப்பக்கம் எண்ணெயில் நனைய, வாலை விடாமல் நீச்சல் பழகும் குழந்தையை இழுத்துப்போவது போல முன்னும் பின்னும் இரண்டு மூன்று தடவை இழுப்பார். மாவு இறுகி மீன் தானாக மிதக்கத் தொடங்கிய பிறகுதான் விரலை எடுப்பார். முன்பே விட்டால் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் ஏறக்குறைய 180 டிகிரி. அவருடைய விரல் நுனிக்கும் எண்ணெய்க்கும் நடுவே ஓர் அங்குலம்கூட இருக்காது. அவர் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

என்ன மீன் கேட்பது? காட் என்றால் நமக்குச் சிறுவயதில் மூக்கைப் பிடித்து ஊட்டிய மீனெண்ணெய் மாத்திரைதான் நினைவுக்கு வரும். பயப்பட வேண்டாம், சதையில் அந்த வாடை கிடையாது. ஹாடக் அதைவிடக் கொஞ்சம் இனிப்பு, இதழ்கள் சிறியவை. என் ஓட்டு ஹாடக்குக்கே. ஆனால் நம்மவர்கள் தவறவிடக்கூடாதவை வேறு இரண்டு. ஒன்று ஸ்கேட், அதாவது நம் திருக்கை. இறக்கையை அப்படியே பொரித்துத் தருவார்கள். குருத்தெலும்பிலிருந்து சதையை நார் நாராக உரித்துச் சாப்பிட வேண்டும். இன்னொன்று பலகையில் 'ராக்' என்று எழுதியிருக்கும். ராக் சால்மன் என்பது முழுப் பெயர். சால்மனுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, அது ஒரு சிறிய சுறா. சுறா என்று எழுதினால் வெள்ளைக்காரர் வாங்க மாட்டார் என்பதற்காகச் சூட்டிய பெயர். ஊரிலிருந்து வந்த என் அம்மாவுக்கு ஒரு வாய் தின்றதுமே தெரிந்துவிட்டது. "இது சுறாவாச்சே, இதைப் புட்டு வைக்காமல் ஏன் பஜ்ஜி போட்டிருக்கிறார்கள்?" என்றார்.

அம்மாவை அழைத்துப்போகும் முன் ஒன்று விசாரித்துக்கொண்டேன், நீங்களும் விசாரியுங்கள். யார்க்‌ஷயர் பக்கம் பல கடைகளில் இன்றும் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள், அதைப் பெருமையாகப் பலகையிலும் எழுதிவைப்பார்கள். லண்டனில் பெரும்பாலும் தாவர எண்ணெய். எங்கள் கடையிலும் அப்படியே. ஆனால் பன்றி இறைச்சித் தொத்திறைச்சியை மாவில் தோய்த்து அதே எண்ணெயில் பொரிக்கும் கடைகள் நிறைய. 'சிப்ஸ் மட்டும் சாப்பிடுகிறேன், நான் சைவம்' என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. எங்கள் கடையில் அதற்குத் தனித் தொட்டி இருக்கிறது. கூட்ட நேரத்தில் அந்தப் பிரிவினை எவ்வளவு காப்பாற்றப்படுகிறது என்பதற்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

காட் பெரும்பாலும் ஐஸ் மீன் என்று தெரிந்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. துறையில் காலையில் ஏலம் போனது மதியம் குழம்பில் கொதிக்க வேண்டும் என்று பழகியவனுக்கு அது பெருங்குற்றம். பெரியவர் என்னைப் பின்பக்கம் அழைத்துப்போய் அட்டைப்பெட்டியைக் காட்டினார். வடக்கே தொலைவான குளிர்கடலில் பிடித்து, கப்பலிலேயே சில மணி நேரத்துக்குள் துண்டுபோட்டு உறையவைத்தது. கரைக்கு வரப் பல நாளாகும் கப்பலில் வெறும் ஐஸ் கட்டியில் கிடந்து வரும் 'பச்சை மீனை'விட இதுதான் புதிது என்று வாதாடினார். ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டதை என் அம்மாவிடம் சொல்லவில்லை.

இனிக் குறைகள். கணவாய் வளையம் கேட்காதீர்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் நான்கு முறை முயன்றேன், நான்கு முறையும் ரப்பர். இறாலும் மாவுப் போர்வைக்குள் காணாமல் போகிறது. கறி சாஸ் என்று மஞ்சளாக ஒன்று ஊற்றுவார்கள். நம் பெயரைச் சொல்லிக்கொண்டு ஊரைவிட்டு ஓடிப்போன உறவினர் மாதிரி அது, பார்க்காதது போல் இருந்துவிடுவதே மரியாதை. மசித்த பட்டாணி மட்டும் விதிவிலக்கு. காய்ந்த பட்டாணியை இரவு ஊறப்போட்டுக் குழைய வேகவைக்கிறார்கள். நம் கடற்கரைச் சுண்டல் கொஞ்சம் அதிகமாக வெந்துவிட்டால் எப்படியோ அப்படி. சுட்ட மீன் வேண்டுமானால் சனிக்கிழமை போக வேண்டும். அன்றுதான் எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றிக் கடைக்கார அம்மா தன் ஊர்ப் பக்குவத்தில் செய்வார்.

வினிகரைப் பற்றி ஒன்று. மேசையில் இருக்கும் பழுப்பு நிறப் பாட்டிலில் வினிகர் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பல கடைகளில் அது அசிட்டிக் அமிலத்தில் தண்ணீரும் நிறமும் கலந்தது. நொதிக்கவைக்காததால் வினிகர் என்று சொல்லிக்கொள்ளச் சட்டம் விடாது. இந்தக் கடையிலும் ஆறேழு ஆண்டு அதுதான் இருந்தது. மகள் வந்து சண்டைபோட்ட பிறகு அசல் மால்ட் வினிகர் வந்தது. அந்தக் காலத்தில் நான் சட்டைப்பையில் சிறு பொட்டலமாக மிளகாய்ப்பொடி கொண்டுபோய்ச் சிப்ஸில் தூவிக்கொள்வேன். ஒருநாள் கடைக்கார அம்மா பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து நான் கேட்காமலே வினிகரில் ஊறிய பச்சைமிளகாய் ஒன்று என் தட்டின் ஓரத்தில் படுத்திருக்கிறது. அதற்கு இன்றுவரை பில்லில் காசு போட்டதில்லை.

பெரிய சண்டை ஒன்றும் நடந்தது, தப்பு என்மேல். ஒரு ஜூன் மாதம் சிப்ஸ் கரும்பழுப்பாக, லேசான தித்திப்போடு வந்தது. எண்ணெயை மாற்றவில்லை என்று எழுந்து நின்று சத்தம் போட்டேன். பெரியவர் ஒரு கிழங்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மாரிஸ் பைப்பர், 1966இல் அறிமுகமாகி இந்தக் கடைகளையெல்லாம் பிடித்துக்கொண்ட ரகம். முந்தைய இலையுதிர் காலத்தில் தோண்டியதைக் குளிர் கிடங்கில் வைத்து அடுத்த கோடை வரை விற்கிறார்கள். குளிரில் கிடக்கக் கிடக்க மாவுச்சத்து சர்க்கரையாகிறது, சர்க்கரை எண்ணெயில் கருகுகிறது. ஜூலையில் புதுக்கிழங்கு வரும்வரை எந்தக் கடையிலும் இதே கதைதான். அதிலிருந்து மே கடைசியிலும் ஜூனிலும் சிப்ஸ் குறைத்து, பட்டாணி கூட்டி வாங்குகிறேன்.

ஆனால் 2022இல் எண்ணெய் உண்மையிலேயே கெட்டிருந்தது. உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் விலை எகிறியது. காட், ஹாடக் போன்ற ரஷ்ய வெள்ளை மீனுக்குப் பிரிட்டன் அரசு 35 சதவீதக் கூடுதல் வரி போட்டது. எரிவாயு விலையோ சொல்லவே வேண்டாம். அந்த இலையுதிர் காலத்தில் பல வாரம் எல்லாமே ஒரே ருசி. மீன் சிப்ஸ் மாதிரி இருந்தது, சிப்ஸ் மீன் மாதிரி இருந்தது. மீனின் நீளம் தட்டின் விளிம்புக்குள் வந்துவிட்டது. சொன்னேன். கடைக்கார அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் நான் போகவில்லை. திரும்பப் போனபோது பலகையில் விலை ஏறியிருந்தது, எண்ணெய் தெளிந்திருந்தது. முதல் நாள் ஏழரைப் பவுண்டு கொடுத்த அதே தட்டுக்கு இப்போது பதின்மூன்றரை கொடுக்கிறேன். விலையை ஏற்றியதைவிட எண்ணெயை இழுத்தடித்ததுதான் எனக்குக் கோபம்.

சென்ற ஆண்டு பெரியவருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை. பொரிக்கும் இடத்தில் மகன் நின்றான். முதல் மூன்று மாதம் ஒரு நாள் பிரமாதம், ஒரு நாள் மாவு உள்ளே பச்சையாக இருக்கும். அப்போதுதான் கதவைத் திறந்ததும் யார் பொரிக்கிறார் என்று எட்டிப் பார்க்கும் வழக்கம் எனக்கு வந்தது. மகன் என்றால் ஹாடக்கோடு நிறுத்திக்கொள்வேன், ஸ்கேட் கேட்க மாட்டேன். தடிமனான இறக்கையை வேகவைக்கும் பொறுமை அவனுக்கு இன்னும் வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை போனேன். என் வழக்கமான மேசையில் பெரியவர் உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தார், எண்ணெய்த் தொட்டிக்கு முதுகைக் காட்டியபடி. எதிரில் என்னை உட்காரச் சொன்னார். துணிந்து ஸ்கேட் கேட்டேன். மகன் இறக்கையை எண்ணெயில் விட்டதும் சடசடவென்று பெருஞ்சத்தம். பெரியவர் எழுதுவதை நிறுத்தவில்லை. மீனின் ஈரம் வற்ற வற்ற அந்தச் சத்தம் மெலிந்துகொண்டே வரும், மழை விடுவது போல. பாதி மெலிந்திருக்கும்போதே மகன் கரண்டியை எடுத்தான். பெரியவர் திரும்பிப் பார்க்காமல் பேனாவின் பின்முனையால் மேசையை இருமுறை தட்டினார். மகன் கரண்டியைக் கீழே வைத்தான்.