லால்பாக், 11 வருஷத்துக்குப் பிறகு

பெங்களூருக்கு மாற்றலாகி வரும் நண்பர் ஒருவர் நேற்று ராத்திரி கேட்டார்: லால்பாக் பக்கத்தில் வீடு கிடைக்கிறது, வாடகைதான் கூடுதல், அந்தப் பூங்காவுக்காகக் கொடுக்கலாமா என்று. கண்ணை மூடிக்கொண்டு கொடுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. காலையில் நடந்துவிட்டு வந்து சொல்கிறேனே என்று வைத்துவிட்டேன். போயிருக்கவே கூடாது.

240 ஏக்கர், கண்ணாடி மாளிகை, ஏரி எல்லாம் உங்களுக்கே தெரியும். ஜனவரியிலும் ஆகஸ்டிலும் மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் நடக்கிறவர்களுக்கு அங்கே இடமில்லை, அதை விடுங்கள். 11 வருஷமாக வாரத்தில் ஐந்து நாளாவது போகிறேன், எனக்கு அலுக்காதது அந்தப் பாறை. கெம்பேகவுடா கோபுரம் நிற்கிற அந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி வருஷம். மழை விட்ட காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் நடந்தால் உள்ளங்காலில் ஏறுகிற குளிர்ச்சியும், வெயில் நாளில் பொழுது சாய்ந்த பிறகும் விடாமல் வைத்திருக்கிற சூடும், வேறு எந்தப் பூங்காவிலும் எனக்குக் கிடைத்ததில்லை. இன்னொன்று, எங்கள் விழுப்புரம் பக்கத்துத் திருவக்கரையிலிருந்து வந்த கல்மரம். சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தைய மரம், கல்லாகிப்போய் இங்கே இருக்கிறது. ஊர் ஞாபகம் வந்தால் அதன் பக்கம் போய் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வருவேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இன்று காலை மூங்கில் புதரில் புதிதாக ஒரு பெயர். சாவியாலோ கத்தியாலோ கீறியிருக்கிறார்கள், பச்சைத் தோல் உரிந்து உள்ளே வெளுப்பாகத் தெரிகிறது, ஓரத்தில் சிலும்புகூட இன்னும் உதிரவில்லை. பெயருக்குப் பக்கத்தில் ஒரு இதயம். தமிழில் எழுதியிருந்தது, அதுதான் எனக்கு ரொம்பச் சுட்டது. கன்னடத்திலும் இங்கிலீஷிலும் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

மூங்கில் புல் ஜாதி. ஒரு கழி மண்ணை விட்டுக் கிளம்பும்போது என்ன பருமனோ அதேதான் கடைசி வரைக்கும், மரம் மாதிரி வருஷாவருஷம் பருக்காது, புதுப் பட்டை வளர்ந்து காயத்தை மூடவும் மூடாது. அந்தக் கழி பட்டுப்போகிற வரை அந்தப் பெயர் அப்படியே இருக்கும். மரங்களுக்கு வேறு கஷ்டம். இலையில் தயாராகிற சாப்பாடு பட்டைக்கு உள்பக்கமாகத்தான் வேருக்கு இறங்குகிறது, ஆழமாகக் கீறினால் அந்த வழி அங்கே அறுந்துபோகும், அந்தக் காயம் வழியாகப் பூஞ்சையும் பூச்சியும் உள்ளே போகும். நான் முதல் வருஷத்திலிருந்து பார்த்துவருகிற ஒரு மரத்தில் இரண்டு எழுத்து இருக்கிறது. அன்றைக்கும் என் நெஞ்சு உயரம், இன்றைக்கும் அதே உயரம், ஏனென்றால் மரம் நுனியில்தான் உயரும், அடிமரம் பருக்க மட்டும்தான் செய்யும். அப்போது நகக்கீறல் போல இருந்த கோடு இப்போது கட்டைவிரல் போகிற அளவுக்குப் பிளந்திருக்கிறது.

எழுதுகிறவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். காசு செலவழிக்காமல் இரண்டு பேர் உட்கார்ந்து பேச இந்த ஊரில் எத்தனை இடம் இருக்கிறது? ஒண்டுக் குடித்தனத்தில் இருக்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இந்த நிழல்தான் எல்லாமே. வாருங்கள், பொழுது சாய்கிற வரை உட்காருங்கள், சாவியை மட்டும் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் ஒரு பையனைக் கையும் களவுமாகப் பிடித்துக் கேட்டேன். "எல்லாரும் எழுதியிருக்காங்களே அண்ணா" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. முதல் கீறல் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் அவனும் கீறியிருக்கமாட்டான் என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

1760-ல் ஹைதர் அலி ஆரம்பித்த தோட்டம் இது. திப்பு, வெள்ளைக்காரர்கள், மைசூர் ராஜா, அப்புறம் நம் ஆட்கள் என்று யார் யார் கைக்கோ மாறியிருக்கிறது, ஒவ்வொருவரும் எங்கெங்கிருந்தோ செடி கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அத்தனை பேர் தண்ணீர் ஊற்றியதை ஒரு சாவி வைத்து அரை நிமிஷத்தில் கீறிவிட்டுப் போகிறார்கள், நினைத்தால் வயிறு எரிகிறது.

நண்பருக்கு வேண்டாம் என்று பதில் போட்டுவிட்டேன். கூடுதல் வாடகை கொடுத்துத் தினமும் இதைப் பார்க்க வேண்டியதில்லை, ஜெயநகரில் கொஞ்சம் தள்ளி எடுங்கள் என்று எழுதினேன். பாறையைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு இப்படிச் சொல்கிறாயே என்று கேட்டார். இன்றைக்கு என் பதில் இதுதான். நடக்க வருவதானால் விடிகாலையில் வாருங்கள், மேற்கு வாசலில் நிற்கிறேன், நேராகப் பாறைக்குப் போய்விடலாம். மூங்கில் பக்கம் மட்டும் கொஞ்ச நாளைக்கு என்னைக் கூப்பிடாதீர்கள்.