மசாலாத் தேநீர்: தேயிலையா, ரூய்போஸா, இலையில்லாக் கஷாயமா?

மசாலாத் தேநீரில் இஞ்சி, ஏலக்காய், பட்டை, கிராம்பு, மிளகு ஆகியவை அளவில் கூடலாம், குறையலாம். ஆனால் கோப்பையின் குணத்தைத் தீர்மானிப்பது அவை எதனோடு சேர்ந்து கொதிக்கின்றன என்பதுதான். கறுப்புத் தேயிலை, ரூய்போஸ் எனும் தென்னாப்பிரிக்கச் செடியின் இலை, எந்த இலையும் சேராத வெறும் மசாலாக் கஷாயம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டால், உடல் உணரும் வேறுபாட்டில் பெரும்பங்கு இந்த அடிப்படையைச் சார்ந்ததே என்பது என் கணிப்பு.

சுறுசுறுப்பு வேண்டுமென்றால் தேயிலைக்கு மாற்று இல்லை. 240 மில்லி கோப்பை ஒன்றில் ஏறத்தாழ 40 முதல் 50 மில்லிகிராம் காஃபின் இருக்கும். அதில் பாதி உடலை விட்டு நீங்கவே பெரியவர்களுக்குச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், மாலையில் குடித்த தேநீர் நள்ளிரவிலும் விழித்திருக்க வைக்கக்கூடும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராமையும், கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராமையும் பாதுகாப்பான வரம்பாகக் குறிப்பிட்டது. இதைவிடக் கவனிக்க வேண்டியது, தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தடுப்பதாகும். இரத்தசோகை உள்ளவர்கள் உணவுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுவது நல்லது. தயாரிப்பிலும் தேயிலைக்குப் பொறுமை கிடையாது: மசாலாவை முதலில் எட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, இலையைக் கடைசி மூன்று நிமிடங்களில் சேர்த்தால் போதும், அதற்கு மேல் கொதித்தால் துவர்ப்பு மிஞ்சிவிடும். பாலின் கேசின் புரதம் அந்தத் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால்தான் இங்கே பால் இவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது.

ரூய்போஸ் தேயிலைக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல; தென்னாப்பிரிக்காவின் செடர்பெர்க் மலைப்பகுதியில் வளரும், பயறு வகைக் குடும்பத்துப் புதர்ச்செடி அது. அதில் காஃபின் இல்லை, துவர்ப்பும் குறைவு. எனவே மசாலாவோடு ஒன்றாகப் போட்டு எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் கெடாது, பாலையும் தாங்கும். இதன் இயல்பான மென்னினிப்பு காரத்தை அமுக்கிவிடுவதால், இஞ்சியையும் மிளகையும் சற்றுக் கூட்ட வேண்டியிருக்கும். இதை ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான்களின் களஞ்சியமாக விற்பவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை: இலை சிவப்பாக மாறும் பதப்படுத்தலிலேயே அதன் தனித்தன்மையான அஸ்பாலதின் எனும் தடுப்பான் பெரும்பகுதி குறைந்துவிடுகிறது. இரவு நேரத்துக்கு ஏற்ற தேநீர் என்ற ஒரே காரணமே இதைத் தேர்ந்தெடுக்கப் போதும், மிகைப்புகழ் தேவையில்லை.

கஷாயம்தான் கைத்திறனைக் கேட்பது. வாசனை முழுவதும் ஆவியாகும் எண்ணெய்களில் இருப்பதால் பாத்திரத்தை மூடிக் கொதிக்கவைக்க வேண்டும். தட்டிய ஏலக்காயை அடுப்பை அணைக்கும் தறுவாயில் போடுவதே முறை. பச்சை இஞ்சியின் காரப்பொருளான ஜிஞ்சரால் காயும்போதும் சூடாகும்போதும் ஷோகாலாக மாறிக் காரம் கூடுவதால், சுக்கு சேர்த்தால் அளவைக் குறைக்கலாம். இதில் பால் வேண்டாம் என்பேன். ஈடுகொடுக்கத் துவர்ப்பு இல்லாததால் சுவை சப்பென்று ஆகிவிடும். அப்படியும் சேர்ப்பவர்கள் இஞ்சியை நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகே ஊற்ற வேண்டும். இல்லையேல் பச்சை இஞ்சியின் நொதி பாலைத் திரித்துவிடும்.

குமட்டலுக்கு இஞ்சி உதவுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. மற்ற மசாலாக்களைப் பற்றிய பெரிய வாக்குறுதிகளில் பல, கோப்பையில் இறங்கும் சிறிய அளவுக்குப் பொருந்துவதில்லை. எச்சரிக்கை தேவைப்படுவது பட்டையில்தான். கேசியா எனும் தடித்த பட்டையில் கல்லீரலைப் பாதிக்கக்கூடிய கூமரின் கணிசமாக உண்டு. இலங்கைப் பட்டையில் அது மிகச் சொற்பம். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்பது கூமரினுக்கான அன்றாட வரம்பு. ஆகவே தினமும் பலமுறை குடிப்பவர்கள் இலங்கைப் பட்டைக்கு மாறிக்கொள்ளலாம்.

பையில் அடைத்த மூலிகைக் கலவைகளை வாங்குவோர் உட்பொருள் பட்டியலைப் படித்துவிடுவது நல்லது. சிலவற்றில் கறுப்புத் தேயிலையும் கலந்திருக்கும். வேறு சிலவற்றில் இனிப்புக்காக அதிமதுரம் சேர்ந்திருக்கும். அதைத் தொடர்ந்து அதிகம் குடித்தால் பொட்டாசியம் குறைந்து இரத்த அழுத்தம் ஏறும் என்பதால், இரத்த அழுத்த நோயாளிகள் அத்தகைய கலவையைத் தவிர்க்க வேண்டும்.