மெரிட் உதவித்தொகையா, தேவை சார்ந்த உதவியா?

அமெரிக்காவின் சிறு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளுக்கு (கலை, அறிவியல் பாடங்களில் பரந்த இளநிலைக் கல்வி தருபவை) விண்ணப்பிப்போர் முதலில் பார்க்க வேண்டியது, எந்தக் கல்லூரி எந்த வகை உதவி தருகிறது என்ற பட்டியலை. வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் போன்றவை மதிப்பெண்ணுக்குப் பணம் தருவதில்லை. குடும்ப வருமானம்தான் கணக்கு. கிரின்னல், டெனிசன், வூஸ்டர் மதிப்பெண், திறமை பார்த்துத் தரும் மெரிட் உதவித்தொகையும் தருகின்றன.

விண்ணப்பம்
மெரிட்: பெரும்பாலும் சேர்க்கை விண்ணப்பமே போதும். பெரிய தொகைக்குக் கெடு முந்தியே முடியும்.
தேவை: பெரும்பாலும் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற, குடும்ப நிதி விவரம் கேட்கும் இணையப் படிவம். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்தடுத்ததற்கு 16; கட்டண விலக்கும் உண்டு. அமெரிக்கக் குடிமக்களுக்கு எஃப்ஏஎஃப்எஸ்ஏ என்ற அரசின் உதவி விண்ணப்பமும் வேண்டும்.

நான்கு ஆண்டு நிலைப்பு
மெரிட்: தொகை பெரும்பாலும் மாறாது, கட்டணமோ ஏறும். முதலாண்டில் கட்டணத்தில் பாதியை அடைத்த தொகை நான்காம் ஆண்டில் பாதியை அடைக்காது. உதவி தொடர வேண்டிய ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) நிபந்தனையை உதவித்தொகைக் கடிதத்தில் தேடிப் படியுங்கள்.
தேவை: ஆண்டுதோறும் மறுகணக்கு. பெற்றோர் சம்பளம் கூடினால் உதவி குறையலாம்.

வெளி உதவித்தொகை
இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தேவை சார்ந்த உதவியில், வெளியிலிருந்து 3,000 டாலர் வந்தால் கல்லூரி தன் பங்கைக் குறைக்கலாம். உதவியில் கடனும் சேர்ந்திருக்கலாம்; எதில் கழிப்பார்கள், கடனிலா, திருப்பித் தர வேண்டாத மானியத்திலா என்று எழுத்தில் கேளுங்கள். வில்லியம்ஸ் 2022 முதல் கடனையே உதவியிலிருந்து நீக்கிவிட்டது.

வருமானம் குறைவென்றால் தேவை சார்ந்த கல்லூரிகள். வருமானம் நடுத்தரத்துக்கு மேல், மதிப்பெண்ணும் நன்று என்றால் மெரிட் கல்லூரிகள். இரண்டுங்கெட்டான் நிலையில் இருப்பவர்கள் கல்லூரித் தளத்தில், உதவி போக நாம் கட்ட வேண்டியதைக் கணிக்கும் நிகர விலைக் கணிப்பானில் வரி விவரத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.