பர்வதமலை வெயிலுக்கு எந்த சட்டை: காட்டனா, யூபிஎஃப் ஹூடியா?

திருவண்ணாமலை பக்கம் பர்வதமலை ஏறுனவங்களுக்கு தெரியும், கீழ காடு இருக்கற வரைக்கும் நிழல், கடப்பாறை படி வந்துட்டா வெறும் பாறைதான், கம்பிய புடிச்சு ஏறும்போது வெயில் நேரா பின்கழுத்துலயும் புறங்கையிலயும் எறங்கும். நான் வெள்ளை காட்டன் டி-ஷர்ட்ல போயிட்டு வந்து ஒரு வாரம் கையெல்லாம் எரிச்சல், சட்டைக்குள்ள இருந்த தோள்பட்டைகூட லேசா காந்துச்சு.

தோள் காந்துனதுக்கு காரணம் துணிதான். வெயிலோட யூவி (புற ஊதா) கதிர துணி எவ்ளோ தடுக்கும்னு சொல்ற நம்பர்தான் யூபிஎஃப். யூபிஎஃப் 50னு போட்டிருந்தா வெயில்ல இருக்கற யூவில அம்பதுல ஒரு பங்குதான் உள்ள வரும், அதாவது 2 சதவீதம். மெல்லிசான வெள்ளை காட்டன் டி-ஷர்ட்டுக்கு அந்த நம்பர் 5, 7னுதான் தேறும், வேர்வைல நனைஞ்சா இன்னும் எறங்கிடும். மேல போகப்போக யூவியும் ஏறும், 1000 மீட்டருக்கு சுமாரா 10 சதவீதம்.

பாலியஸ்டர்ல வர்ற யூபிஎஃப் ஹூடில (தொப்பி வச்ச முழுக்கை சட்டை) நூலே யூவிய உறிஞ்சிக்கும், நனைஞ்சாலும் சீக்கிரம் காஞ்சிடும். எனக்கு முக்கியமா பட்டது அதோட தொப்பிதான், காதும் பின்கழுத்தும் மூடிக்கும், சாதா கேப்ல அது நடக்காது. கட்டைவிரல் ஓட்டை வச்ச மாடல்னா புறங்கையும் மறையும். ஆனா காத்தே இல்லாத கீழ்க்காட்டுல புழுங்கும், வாடையும் சீக்கிரம் வரும், அத ஒத்துக்கணும்.

காசு செலவு பண்ண முடியலன்னா வீட்ல இருக்கற முழுக்கை காட்டன் சட்டையே போதும், நெருக்கமா நெய்ததா, கொஞ்சம் அடர் கலரா பாத்து எடுங்க, வெளிச்சத்துல தூக்கி புடிச்சா அந்தப்பக்கம் தெரியக்கூடாது. கழுத்துக்கு ஒரு துண்டு. நனைஞ்சா கனக்கும், உச்சில காத்தடிச்சா குளிரும், மாத்து சட்டை பையில இருக்கட்டும். ஜீன்ஸ் வெயில நல்லா தடுக்கும், ஆனா முட்டி மடங்காது, வேணாம்.

பைக் ஓட்டறவங்க கைல மாட்டற ஸ்லீவ் விலை கம்மி, ஆனா டைட்டா இழுத்து மாட்டுனா இழை விரிஞ்சு இடைவெளி வழியா யூவி உள்ள வந்துரும், கழுத்துக்கும் அதால பாதுகாப்பு இல்ல. அது மூணாவது சாய்ஸ்தான்.

என் ஓட்டு ஹூடிக்கு. விடியக்காலைல ஏறறவங்களும் எறங்கறப்ப வெயில்ல மாட்டுவீங்க, மெல்லிசா மேகம் இருந்தாலும் யூவி வரும், அதனால எடுத்துட்டு போங்க. வாங்கும்போது ஒரு சைஸ் பெருசா எடுத்து, கடைலயே கம்பி புடிக்கற மாதிரி ரெண்டு கையயும் தூக்கி பாருங்க, இடுப்போ மணிக்கட்டோ வெளிய வந்தா வேற எடுங்க.